உயிரோடு நின்றவளுக்குக் கவிழ்த்த இருக்கை

மழை தவறாத மலைகளுக்கும் கோடையிலும் வற்றாத அருவிகளுக்கும் உரியவர், கடல்துறைகளின் காவலர், பகைவரின் முதுகைக் கண்டு தம் முதுகைக் காட்டாதவர், அருவிநாட்டுப் பெருங்கோ வயவரையர் திருமுன் இவ்வோலை சேர்க. பெருங்கோவின் வெண்குடை நிழல் விரிக. அரசமாதேவியார் நலம் பெறுக. புதிதாய்ப் பிறந்திருக்கும் அரசப் பெயரனுக்கு நோயற்ற வாழ்வு அமைக. குழந்தை குற்றமற்றது. ஆகையால் இந்த வாழ்த்தில் கசப்பு இல்லை. இதற்குப் பின் வருவனவற்றைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.

கானற்கூற்றத்தின் உடையார், கழிமுகத்தைக் காக்கும் குடியில் மூத்தவர், அடலேறனார் சொல்லச் சொல்ல இது எழுதப்படுகிறது. பெருங்கோவின் பாட்டனார் காலத்திலிருந்து உடையார் குடி அரண்மனைக்கு அனுப்பிய ஓலைகளில் எதிலும் குறை சொல்லப்பட்டதில்லை. புயல் அடித்தபோதும் உதவி கேட்டு இங்கிருந்து ஓலை போகவில்லை. கேட்காத குடி இப்போது கேட்கிறது என்பதை மனத்தில் கொண்டு இதை வாசிக்கச் செய்ய வேண்டும்.

சென்ற வளர்பிறையில் அந்தப்புரத்திலிருந்து வெள்ளிப்பூண் போட்ட பல்லக்கு ஒன்று கானலூர் வந்தது. அதனுடன் வந்த அரண்மனைப் பணியாளர் தலைவர் உடையாரின் முற்றத்தில் நின்று, தெருவில் போவோர் வருவோர் எல்லாரும் கேட்கும்படி செய்தியைச் சொன்னார். அரசப் பெயரனைத் தொட்டிலில் இடும் நாள் நெருங்கிவிட்டதாம். திருநங்கை ஒருவர் தம் கையால் தொட்டு வாழ்த்திய பின்பே அரச வீட்டுத் தொட்டில் ஆட வேண்டும் என்பது மரபாம். கானலூர் ஞாழல்நங்கையாரின் வாக்கு பலிக்கும் வாக்கு என்று தேவியார் கேள்விப்பட்டிருக்கிறாராம். ஆகவே அவரே எழுந்தருள வேண்டுமாம்.

உடையார் தமக்குக் காது சற்று மந்தம் என்று சொல்லி, யாரை அழைக்க வந்திருக்கிறார் என்று மறுபடியும் கேட்டார். ஞாழல்நங்கையாரை என்றார் வந்தவர். இன்னொரு முறை உரக்கச் சொல்லுமாறு உடையார் வேண்டினார். ஞாழல்நங்கையாரை என்று அவர் தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னார். மூன்று முறையும் பிசகவில்லை, நாக்கு தடுக்கவில்லை, வானம் இடிந்து விழவும் இல்லை. பல்லக்கு அன்றே வெறுமையாகத் திருப்பி அனுப்பப்பட்டது. அதன் காரணத்தை அந்தப் பணியாளரிடம் சொல்வது முறையன்று என்பதால் பெருங்கோவிடமே சொல்ல வேண்டியதாயிற்று.

ஞாழல்நங்கை யார் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. அவள் உடையாரின் மறைந்த தம்பியின் பிள்ளை. பிறந்தபோது ஆண் என்று முரசறைந்து ஓர் ஆண்பெயர் இடப்பட்டது. வளர்ந்தபின் தான் பெண் என்று அவள் சொன்னாள். இங்கே அதற்கு ஒரு வழி உண்டு. கடல் உள்வாங்கும் வேளையில் அந்தப் பிள்ளையைக் கரைக்கு அழைத்துச் சென்று, குடியின் மூத்தவர் உள்ளங்கையில் கடல்நீரை ஏந்தி, பிள்ளையின் உதட்டில் தொட்டு, அலையின் இரைச்சலை மீறிக் கரையில் நிற்போர் அனைவருக்கும் கேட்குமாறு புதுப்பெயரைச் சொல்ல வேண்டும். அப்படிக் கடல் கேட்ட பெயரை எவரும் திரும்பப் பெற முடியாது. ஞாழல்நங்கை என்ற பெயரைச் சொன்ன வாய் உடையாரின் வாய். அந்தப் பெயரைப் பொய் என்பவர் உடையாரைப் பொய்யர் என்கிறார். உடையாரின் குடியில் வாளை இழந்தவர்கள் இருக்கிறார்கள், கண்ணை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சொன்ன சொல்லை இழந்தவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை. முதலில் இட்ட ஆண்பெயரை இந்த ஓலையில் பொறிக்க உடையார் அனுமதிக்கவில்லை.

அவளுக்கும் உடையாருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் என்று பெருங்கோ எண்ண வேண்டாம். அவள் உரக்கச் சிரிப்பவள். படகுத்துறையில் நின்றபடியே சோறு உண்பவள். வலைக்காரருக்கும் உப்பளத்தாருக்கும் வாய்க்கால் தகராறு வந்தால், உடையாரின் மன்றத்துக்கு வரும் முன்பே துறையிலேயே அதைத் தீர்த்து அனுப்பிவிடுபவள். இது பெரியப்பாவின் வேலையைக் குறைப்பதற்காக என்று அவள் சொல்வாள். பெரியப்பாவின் மதிப்பைக் குறைப்பதாக உடையார் சொல்வார். இது வீட்டுக்குள் நடக்கும் வழக்கு. வீட்டுப் பெரியவர் என்ற முறையில் உடையார் அவளை அவள் என்றே சொல்வார். பெருங்கோவின் அவை அப்படிச் சொல்லலாகாது.

கானலூரில் திருநங்கையர் விழா நாளில் மட்டும் காணப்படுபவர்கள் அல்லர். கருவாட்டுக் கடை வைத்திருப்பவர் ஒருவர். அவரிடம் பேரம் பேசித் தோற்காத, கலம் ஓட்டும் மீகாமன் இந்தக் கரையில் இல்லை. முறிந்த எலும்பைக் கட்டுபவர் ஒருவர். பந்தியில் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து உண்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால், கருவாட்டுக் கடைக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். தலைநகரில் வேறு விதம் என்று உடையார் அறிவார். அங்கே ஊர்வலத்தில் விளக்கேந்தி முன்னே நடக்க அவர்கள் வேண்டும், மணவீட்டு வாசலில் பாட வேண்டும், குழந்தையின் தலைமேல் கைவைத்து வாழ்த்த வேண்டும். விளக்கு அணைந்ததும் அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்பவர் எவரும் இல்லை.

பல்லக்கு வருவதற்கு முன், பேரவைக்கு உறுப்பினரை அனுப்பும் முறை வந்தபோது, வழக்கம்போல் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குடம் வைக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு சிப்பி என்று மக்கள் இட்டார்கள். உடையார் தம் சிப்பியை ஞாழல்நங்கையின் குடத்தில் இடவில்லை. கூற்றத்தின் தலைமையும் பேரவை இருக்கையும் ஒரே வீட்டில் இருப்பது ஒழுங்கன்று என்று கருதி மரக்கல உரிமையாளர் ஒருவருக்கு இட்டார். அப்படியும் ஞாழல்நங்கையின் குடம் நிரம்பி வழிந்தது. மக்கள் தேர்ந்தபின் உடையாருக்கு வேறு கருத்து இல்லை. ஆகவே இன்று உடையார் பேசுவது பாசத்தினால் என்று அவைமுதல்வர் குன்றவாணர் பெருங்கோவின் காதில் ஓதினால், இந்தச் சிப்பியின் கதையை அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

இனி, பேரவையின் முதல் நாளில் நடந்தது. உடையாரும் அவைவாசலை ஒட்டிக் கூற்றத்துத் தலைவர்களுக்குரிய மேடையில் இருந்தார். நேரில் பார்த்ததையே எழுதச் சொல்கிறார்.

படியேறும்போதே ஏளனம் தொடங்கிவிட்டது. குறை சொல்ல வந்தாயா, கும்மியடிக்க வந்தாயா என்று மேலைக்கூற்றத்து உறுப்பினர் ஒருவர் அவளைக் கேட்டார். இரண்டும் தெரியும் என்றும், குறையை முதலில் சொல்லிவிடுவதாகவும், பொழுது மிஞ்சினால் கும்மியும் அடிப்பதாகவும், தாளம் போட அண்ணன் வருவதானால் இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவது நல்லது என்றும் அவள் பதில் சொன்னாள். கேட்டவரைச் சுற்றி நின்றவர்களே சிரித்துவிட்டார்கள். மீசையை எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாய் என்று இன்னொருவர் கேட்டார். அவள் உடையாரைப் பார்த்தாள். உடையார் வேறு பக்கம் பார்த்தார். அவையின் வாசலில் கூற்றத்துத் தலைவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது முறை. முறையை உடையார் மீறியதில்லை.

பெயர்விளியின் சட்டம் பெருங்கோ அறிந்ததே. ஆயினும் இந்த ஓலை வேறு அவைகளிலும் படிக்கப்படலாம் என்பதால் இங்கே எழுதப்படுகிறது. அவையின் வாசலில் விளியன் நின்று உறுப்பினரின் பெயரை மூன்று முறை விளிப்பான். பெயருக்குரியவர் குரல் கொடுத்து வாசற்படி தாண்டி உள்ளே போய்த் தம் இருக்கையில் அமர வேண்டும். மூன்று விளிக்கும் குரல் வராவிட்டால் அவர் மாண்டவர் என்று கொள்ளப்படுவார். அவருடைய இருக்கை கவிழ்க்கப்படும். போரில் மடிந்தவர்க்கும் கடலில் மறைந்தவர்க்கும் முன்னோர் செய்த ஏற்பாடு இது.

கானற்கூற்றத்தின் முறை வந்ததும் குன்றவாணர் விளியனின் காதில் ஏதோ சொன்னார். விளியன் பழைய ஆண்பெயரை விளித்தான்.

ஞாழல்நங்கை வாசற்படியில் நின்றாள். விளியனுக்கும் அவளுக்கும் இடையே ஒரு முழம் கூட இல்லை. அவன் மூச்சு அவள் முகத்தில் பட்டிருக்கும். தன் பெயர் அதுவன்று என்றும், தன் பெயர் இன்னது என்றும் அவள் சொன்னாள். விளியன் மீண்டும் பழைய பெயரை விளித்தான். அவை முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலைக்கூற்றத்தார் ஒருவர், பேசாமல் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டு வந்து உட்கார், இருக்கைதானே உனக்கு வேண்டும் என்று இரக்கப்படுவதுபோல் சொன்னார். அவள் குரல் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் உடையார் அவளை மீண்டும் வீட்டில் சேர்த்திருக்க மாட்டார். அதை அவளும் அறிவாள். அவள் நின்றது உடையாருக்கு அஞ்சி அன்று என்பதை உடையாரும் அறிவார். மூன்றாம் விளியும் முடிந்தது. எதிரில் உயிரோடு நிற்கும் ஒருத்தியை மாண்டவள் என்று அறிவித்து, அவளுடைய இருக்கையை இரண்டு காவலர்கள் தலைகீழாகக் கவிழ்த்தார்கள்.

அன்று பிற்பகலிலேயே, தலைநகரின் புதுத்துறைமுகத்துக்கு ஆழம் போதவில்லை என்று சொல்லி, கானற்கூற்றத்தின் கழிமுகத்தை மண்ணிட்டு மூடி நீரைத் திருப்பும் தீர்மானம் அவையில் நிறைவேறிற்று. மறுப்பவர் உண்டா என்று கேட்கப்பட்டது. மறுக்க வேண்டிய இருக்கை கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

இதைப் பெருங்கோ அறியாமல் செய்திருப்பார்கள் என்றே உடையார் சில நாள் எண்ணியிருந்தார். பல்லக்கு வந்த பிறகு அந்த எண்ணமும் போயிற்று. அரண்மனைக்கு அவள் பெயர் தெரியும். தொட்டிலுக்கு அழைக்கும்போது நன்றாகவே தெரிகிறது.

பெயர்விளிச் சட்டத்துக்கு ஒரு பின்பகுதி உண்டு. நெடுங்காலமாகத் தேவைப்படாததால் குன்றவாணர் அதை மறந்திருக்க வேண்டும். அல்லது, உயிருள்ள பிள்ளைக்கு எந்த மானமுள்ள வீடும் பாடை கட்டாது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவர் எவருடைய மானத்தை அளந்து பழகியவரோ தெரியவில்லை. சட்டம் சொல்வது இது. அவையில் மாண்டதாக அறிவிக்கப்பட்டவருக்கு அவர் வீட்டார் நீர்க்கடன் முடிக்க வேண்டும். குடியின் மூத்தவர் ஓராண்டு துக்கம் பூண வேண்டும். நீர்க்கடன் முடிந்ததுமே ஊரார் அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்து அனுப்பலாம். மாண்டவர் பெயரை அவையில் மறுபடி விளித்தால், விளித்தவனுக்கு அவையில் இடமில்லை. அந்த அவை அன்று எடுத்த முடிவுகளும் செல்லா.

விளியன் விளித்தது அந்த ஆண்பெயரை. மாண்டதாக அவை அறிவித்ததும் அந்த ஆண்பெயருக்குரியவனை. அப்படியே ஆகட்டும் என்றார் உடையார்.

இதைச் சொன்னபோது ஞாழல்நங்கை முதலில் சிரித்தாள். என் காரியத்துக்கு நானே சோறு வடிக்க வேண்டுமா பெரியப்பா என்று கேட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, எப்போதும் இல்லாத ஒருவனுக்கு எதற்குப் பாடை என்றும், மற்றவர்களெல்லாம் குடத்தில் விழுந்த சிப்பியால் மட்டும் பெற்ற இருக்கையைத் தான் பெற ஒரு பிணத்தைக் காட்ட வேண்டுமா என்றும் கேட்டாள். கழிமுகம் மூடப்பட்டால் உப்பளமும் போகும் படகும் போகும் என்று மட்டும் உடையார் சொன்னார். அவள், அம்மாவை மட்டும் அழ வைக்கக்கூடாது என்று சொல்லிச் சம்மதித்தாள்.

உடல் கிடைக்காத கடலோடிக்குச் செய்வதுபோல வைக்கோலால் பாவை கட்டினார்கள். முரசறைந்து இட்ட பெயரை முரசறைந்தே எடுத்தார்கள். உடையாரின் தம்பி மனைவி பவழநாச்சியாரிடம், கூந்தலை அவிழ்த்து உட்கார்ந்தால் போதும், அழ வேண்டாம் என்று எல்லாரும் சொல்லி வைத்திருந்தார்கள். பாடையைத் தூக்கும்போது அவர் அழுதார். பெற்றவள் இருக்கிறேன், பெற்ற பிள்ளை என் பக்கத்தில் இருக்கிறாள், எங்கள் தலைக்கு மேல் பாடையைத் தூக்க வைத்தார்களே, அவர்கள் வீட்டில் அடுப்பு எரியுமா என்று அவர் மண்ணை வாரி வடக்கே தூற்றினார். வடக்கே இருப்பது தலைநகர். ஞாழல்நங்கை தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பின் அன்று முழுவதும் அவள் வேடிக்கையாக ஒரு சொல்லும் பேசவில்லை. உடையார் இதுவரை அவளை அவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவும் இல்லை.

துக்கம் பூண்டவர் செய்ய வேண்டியதை உடையார் செய்தார். இளமையிலிருந்து கத்தி படாத மீசையை மழிக்கச் சொன்னபோது நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எடுக்குமாறு உடையார் ஆணையிட வேண்டியதாயிற்று. வாளும் தலைமை இருக்கையும் ஓராண்டுக்கு நீங்கின. இப்போது தெருவில் போகும்போது எதிரே வருபவர்கள் வணங்கும் முன் ஒரு கணம் உற்றுப் பார்த்து, யார் என்று தெளிந்து, பிறகே வணங்குகிறார்கள். தம்மைத் தாமென்று பிறர் ஒப்புக்கொள்வதற்காகக் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்பதை இந்த வயதில் உடையார் தெரிந்துகொள்ள நேர்ந்தது. அது சுகமாக இல்லை.

நீர்க்கடன் முடிந்தபின் குடங்கள் மறுபடி வைக்கப்பட்டன. மரக்கல உரிமையாளர் தம் குடத்தைத் தாமே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகும்போது தம் சிப்பியை ஞாழல்நங்கையின் குடத்தில் இட்டுவிட்டுப் போனார். கருவாட்டுக் கடைக்காரர், சிப்பி இடாமல் போகிறவனுக்கு இனி நெத்திலி கிடையாது என்று துறை முழுவதும் கேட்கக் கூவினார். உடையார் இந்த முறை அவளுக்கு இட எண்ணியிருந்தார். ஆனால் துக்கம் பூண்டவருக்குச் சிப்பி இடும் உரிமை இல்லை. அவர் குடங்களைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்தார்.

ஆகவே கானற்கூற்றத்தின் புதிய உறுப்பினராக ஞாழல்நங்கையார் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுத்த நிறைமதி அவைக்குப் புறப்படுகிறார். அந்தப் பழைய பெயர் எரிந்துவிட்டது. அதை எரித்த கொள்ளியை அவையே எடுத்துக் கொடுத்தது.

பெருங்கோவுக்குக் கட்டளை இடும் தகுதி உடையாருக்கு இல்லை. சட்டத்துக்கு உண்டு. அதன் பெயரால் சொல்லப்படுவது இது: அவர் வாசலுக்கு வரும் முன்பே கானற்கூற்றத்தின் இருக்கை நிமிர்த்தி வைக்கப்பட வேண்டும். விளியன் அவர் பெயரை, பல்லக்கோடு வந்த பணியாளர் சொன்னதுபோல், தெருவுக்குக் கேட்குமாறு விளிக்க வேண்டும். கழிமுகத் தீர்மானம் அவர் அமர்ந்தபின் மறுபடி அவையில் வைக்கப்பட வேண்டும். அவர் தோற்றால் தோற்கட்டும், உட்கார்ந்து தோற்கட்டும். பழைய பெயர் இன்னொரு முறை விளிக்கப்பட்டால், கானற்கூற்றத்தார் அந்த அவையைப் பேரவை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது எடுக்கும் முடிவுக்காக ஒரு கூடை மண்ணும் இங்கே விழ விடமாட்டார்கள்.

தொட்டிலைப் பற்றி அரசமாதேவியாருக்குத் தனியே ஒரு சொல். வாழ்த்து, குடிகளிடம் தண்டிப் பெறும் வரி அன்று. அவையில் அமர்ந்தபின் அவர் அரண்மனைக்கு வருவதும் வராததும் அவர் விருப்பம். அதில் பெரியப்பாவின் சொல்லும் செல்லாது; கேட்டுப் பார்த்தாயிற்று. யோசிக்கிறேன் என்றாள்.

மலையில் மழையும் கடலில் மீனும் குறையாதிருக்க, சொன்ன சொல் நிற்க, இவ்வோலை இத்துடன் கட்டப்படுகிறது. துக்கம் பூண்டவர் இலச்சினையைத் தொடலாகாது என்பதால் உடையாரின் மீன்முத்திரை இதில் இல்லை. கட்டின் மேல் உள்ள அரக்கில் பதிந்திருப்பது கானற்கூற்றத்துப் பேரவை உறுப்பினரின் இலச்சினை. அதைச் சுற்றி அவர் பெயர் எழுத்தெழுத்தாக வெட்டப்பட்டிருக்கிறது. அதை உடைக்காமல் இதை எவரும் படித்திருக்க முடியாது. உடைந்த அரக்கை எறிந்துவிடாமல் விளியனிடம் கொடுத்தனுப்புக. நிறைமதிக்குள் அவன் படித்துப் பழகிக்கொள்ளட்டும்.